நாட்டார் இசையை நேரில் கேட்க எங்கே போவது? கொடை, கூத்து, கும்மி, மேடை: ஓர் ஒப்பீடு

நாட்டார் இசையைப் பதிவுகளிலும் திரைப்படங்களிலும் மட்டுமே கேட்டுப் பழகிய ஒருவர், ஆண்டில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த இசை இன்றும் தன் போக்கில் நடந்துகொண்டிருக்கும் ஒரு வட்டாரத்தில் தங்கிக் கேட்க விரும்பினால் தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போகலாம் என்ற கேள்வி எனக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது வந்துவிடுகிறது. கேட்பவர்களில் சிலர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள். சிலர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஊருக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்கள். "தஞ்சாவூருக்குப் போகட்டுமா?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். தென்னகப் பண்பாட்டு மையம் அங்கே 1986 முதல் இயங்கி வருவதும், தஞ்சை வட்டாரம் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் தாய்வீடாக இருப்பதும் உண்மைதான். ஆயினும் நாட்டார் இசைக்கென்றே ஒரு வாரத்தை ஒதுக்குகிறவருக்கு அதைவிட நெருக்கமான களங்கள் வேறு உள்ளன. தெற்கே கொடைவிழாக்கள், வடக்கே பாரதக்கூத்து, மேற்கே கும்மியும் உடுக்கைப் பாட்டும், சென்னையில் மேடை நிகழ்ச்சிகள் என நான்கையும் ஒப்பிட்டு, யாருக்கு எது பொருந்தும் என்று என் கருத்தைச் சொல்ல முயல்கிறேன்.

ஒரு வட்டாரத்தில் இந்த இசை தழைத்திருக்கிறதா என்பதை அறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. அங்குள்ள கலைஞர்களின் டைரியைப் பார்க்க வேண்டும். அடுத்த மூன்று மாதத் தேதிகளுக்கு ஊர்க்காரர்கள் தாங்களே தேடிவந்து அச்சாரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அந்தக் கலைக்கு அங்கே நல்ல வாழ்வு இருக்கிறது என்று பொருள். அரசு விழாக்களும் கல்லூரி ஆண்டுவிழாக்களும் மட்டுமே அந்த டைரியில் எழுதப்பட்டிருந்தால், கலைஞர் இன்னும் இருக்கிறார், ஆனால் அவருடைய ஊர் அவரை அழைப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரித்து ஓர் ஊர் பாட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு ரசனை ஒரு காரணம்தான். அந்தப் பாட்டு இல்லாமல் அந்தச் சாமிக்குச் செய்ய வேண்டியது முழுமையாகாது என்ற நம்பிக்கையே பெரிய காரணம். இந்த அளவுகோல் ஓரிடத்தில் பொய்த்துப்போவதும் உண்டு; பறையைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்கிறேன்.

இந்த அளவுகோலின்படி திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய தென்மாவட்டங்களுக்கே முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கே முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கும் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக்கு நிலையான இடம் உண்டு. பெரும்பாலான அம்மன் கோயில்களில் கொடை திங்கட்கிழமை இரவு தொடங்கி, செவ்வாய் நண்பகலிலும் நள்ளிரவிலும் உச்சம் கண்டு, புதன்கிழமை முடியும். சுடலைமாடன் போன்ற தெய்வங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இந்தக் கிழமைக் கணக்கு ஒரு வரம் என்றே சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களிலோ ஆடி, ஆவணியிலோ ஒரு வாரம் வந்து தங்குகிறவர், செவ்வாய்க்கிழமை ஓர் ஊரிலும் வெள்ளிக்கிழமை வேறோர் ஊரிலும் இரண்டு முழுக் கொடைகளைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரயிலேறிவிடலாம். இந்த வசதி மற்ற மூன்று களங்களில் எதிலும் இல்லை.

வில்லுப்பாட்டைச் சென்னை மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்கள் அதை நகைச்சுவை கலந்த ஒருவகைக் கதாகாலட்சேபம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காந்தியின் வரலாற்றை வில்லில் பாடியதும், நெல்லை மாவட்டத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்த சுப்பு ஆறுமுகம் அதே வழியில் பல்லாயிரம் மேடை ஏறி 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டில் மறைந்ததும் அந்த எண்ணத்துக்குக் காரணங்கள். அந்த மேடை வில்லுக்கு அதற்கேயுரிய பெருமை உண்டு. கோயில் வில் வேறு. அங்கே வில் குழு சாமியின் சந்நிதியைப் பார்த்து அமர்ந்திருக்கும். பாட்டைக் கேட்க வேண்டிய முதல் ஆள் சாமிதான், நாமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். மணிகள் கட்டிய நீண்ட வில்லை வீசுகோலால் தட்டிக்கொண்டே நடுவில் இருக்கும் தலைமைப் பாடகர் கதையை எடுக்க, உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்ள, குடத்தின் வாயை மட்டையால் அறைபவர் அடித்தளத்தில் ஒரு கும்மென்ற ஒலியை விடாமல் கொடுத்துக்கொண்டிருப்பார். காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, பிறகு தெய்வத்தின் பிறப்பிலிருந்து கதை தொடங்கும். தெய்வத்தின் கதையில் வரம் பெறும் இடமோ கொலையுண்ணும் இடமோ வரும்போது பாட்டின் நடை மாறும், சாமியாடிகளுக்கு அருள் வரும், வில் நிற்கும், நையாண்டி மேளம் எழும்பும்; அருள் இறங்கியபின் விட்ட இடத்திலிருந்து வில் மீண்டும் தொடங்கும். இந்த நிறுத்தமும் தொடக்கமும்தான் கோயில் வில்லின் உயிர்நாடி. எந்தப் பதிவிலும் இதை வெட்டிவிடுகிறார்கள்.

முன்பு ஆண்களே தலைமையேற்றுப் பாடிய இக்கலையில் இன்று இளம்பெண்கள் பலர் தலைமைப் பாடகர்களாக இருக்கிறார்கள் என்பதையும், அவர்களுடைய பெயரும் படமும் போட்ட பதாகை வைத்தால்தான் கூட்டம் வரும் என்று விழாக் குழுவினர் போட்டி போட்டு அச்சாரம் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "அழிந்துவரும் கலை" என்று மேடைதோறும் சொல்லப்படும் இரங்கல் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது என்பது விளங்கும்.

அதே கொடையில், குறிப்பாகச் சுடலைமாடன் கோயில்களில், கணியான் கூத்தும் நடக்கும். வில்லுப்பாட்டைக் காட்டிலும் கணியான் கூத்தின் இசையே என்னை அதிகம் கட்டிப்போட்டது. மரச்சட்டத்தில் தோல் கட்டிய மகுடம் என்ற பறை வகையை இருவர் வாசிப்பார்கள். ஒன்று உச்சக் குரல், மற்றொன்று மந்தக் குரல். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் பாட, பெண்வேடமிட்ட இரண்டு ஆண்கள் ஆடுவார்கள். நள்ளிரவுச் சடங்கில் கணியான் தன் உடலைக் கீறி இரத்தம் கொடுக்கும் பகுதியும் உண்டு. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

குறைகளும் சொல்ல வேண்டும். எல்லாக் கொடைகளிலும் வில் இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம் நேரலாம். சில ஊர்களில் வில்லுக்கு ஒதுக்கிய பணத்தை இன்னிசைக் கச்சேரிக்கோ ஆடல்பாடலுக்கோ திருப்பிவிட்டார்கள். ஆகையால் பயணத்தை முடிவுசெய்யும்முன் கொடை நோட்டீசை வரி வரியாகப் படிக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த வில்லிசைக் குழு, எந்த மேளம் என்பதெல்லாம் அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். பேருந்து நிலையச் சுவர்களும் தேநீர்க் கடைகளும் அந்த நோட்டீசுகளுக்கு நல்ல இடங்கள். குழுவினரின் கைப்பேசி எண் பதாகையிலேயே இருக்கும்; அழைத்துக் கேட்டால் அந்த வாரத்தில் எங்கெங்கே பாடுகிறோம் என்று சலிக்காமல் சொல்வார்கள். இன்னொரு குறை ஒலிபெருக்கி. மைக்செட்காரர் தன் திறமையைக் காட்ட நினைத்தால் உடுக்கையின் நுட்பமெல்லாம் இரைச்சலில் கரைந்துவிடும். பெட்டிகளுக்கு எதிரே உட்காராமல், வில் மேடைக்குப் பக்கவாட்டில் பெண்கள் அமரும் வரிசைக்குப் பின்னால் இடம் தேடிக்கொள்வது என் வழக்கம்.

சித்திரையிலும் ஆடியிலும் வரமுடியாதவர்களுக்குத் தெற்கிலேயே ஒரு மாற்று உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா, புரட்டாசி மாதத்தை ஒட்டிப் பத்து நாள் நடக்கும். காப்புக் கட்டி வேடமிட்ட தசராக் குழுக்கள் தாரை தப்பட்டை, நையாண்டி மேளம், கரகம் எனத் தத்தம் வசதிக்கேற்பக் கலைஞர்களை அமர்த்திக்கொண்டு சுற்றுவட்டார ஊர்களில் தெருத் தெருவாகக் காணிக்கை பெற்றுவருவார்கள். சூரசம்ஹாரம் நடக்கும் கடைசி இரவில் குலசைக்குப் போகிறவர் இலட்சக்கணக்கான தலைகளைத்தான் பார்ப்பார். அதற்கு முந்தைய நான்கைந்து நாள்களில் திருச்செந்தூரில் தங்கி, பக்கத்து ஊர்களில் குழுக்களைப் பின்தொடர்பவரே இசையைக் கேட்பார்.

வடக்கே திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களின் தெருக்கூத்து முற்றிலும் வேறு வகையான அனுபவம். கட்டைக்கூத்து என்றே அழைக்க வேண்டும் என்போரும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. பங்குனி சித்திரை தொடங்கி ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு. இரவு அதே பகுதி கூத்தாக நடிக்கப்படும். இப்படிப் பல நாள்கள் நடந்து, தபசு மரம் ஏறும் அர்ச்சுனன் தபசையும், மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி நடக்கும் படுகளத்தையும் கடந்து, தீமிதியில் முடியும். செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசை என்ற சிற்றூர், கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையால் இக்கலைக்குப் பெயர்பெற்றது. அந்தப் பரம்பரையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நாடகமாகவே பலரும் அறிந்திருக்கும் கூத்தை இசைக்காகவும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கூத்தின் தொடக்கமாகக் களரி கட்டும்போது மிருதங்கமும் டோலக்கும் தாளமும் சேர்ந்து எழுப்பும் ஒலி ஊரைக் கூட்டுவதற்கானது. முகவீணை கேட்கக் கிடைக்கும் இடங்கள் அருகிவிட்ட நிலையில், அந்தச் சின்னஞ்சிறு குழல் எவ்வளவு கூரிய குரலில் பாடகரைத் தொடர்கிறது என்பதைக் கூத்துக் களத்தில்தான் முழுமையாக உணர முடியும். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் தன் திரை விருத்தத்தை உச்சக் குரலில் எடுக்கும்போது, முகம் தெரியாத அந்தக் குரலுக்கு அவையில் ஏற்படும் அமைதியே தனி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளியின் கடைசி ஆள்வரை கேட்க வேண்டிய தேவையிலிருந்து உருவான பாடும் முறை அது. மைக் வந்த பிறகும் ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்கள் அந்தச் சுருதியைக் குறைத்துக்கொள்ளவில்லை.

கொடையோடு ஒப்பிட்டால் இங்கே கேட்பவரிடம் கேட்கப்படும் விலை அதிகம். வில்லுப்பாட்டை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். கதை இன்னும் அங்கேயே இருக்கும். கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஏறிக்கொண்டே போவது. நள்ளிரவில் அறைக்குத் திரும்புகிறவருக்குக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனின் நகைச்சுவையும் முதல் வேடத்தின் நுழைவும்தான் கிடைத்திருக்கும். முதன்முறை போனபோது நான் செய்த பிழை இதுதான். மாலை ஏழு மணிக்கே போய் மூன்று மணி நேரம் காத்திருந்து களைத்து, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன். காலையில் தேநீர்க் கடையில் எல்லாரும் பேசிக்கொண்ட கட்டம் நான் போன பிறகு மூன்று மணிக்கு நடந்திருந்தது. பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு, ஒரு போர்வையும் பாயும் எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்வதே சரியான முறை என்று பின்னர் கற்றுக்கொண்டேன். அன்றிரவு எந்தக் கதை என்று கேட்டு அந்தப் பகுதியைப் பகலிலேயே படித்துக்கொண்டு போவதும் மிகவும் உதவும். கர்ண மோட்சம் கோயிலில் மட்டுமல்லாமல் இறந்தவருக்குச் செய்யும் காரியத்தின்போதும் ஆடப்படுவதுண்டு. அழைப்பில்லாமல் அங்கே போய் உட்காருவது முறையாகாது.

சட்டமும் ஓர் இடையூறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களில் நள்ளிரவு வரை மட்டுமே விலக்கு அளிக்க முடியும். விடியவிடிய நடப்பதே இலக்கணமான ஒரு கலைக்கு இது எவ்வளவு பெரிய நெருக்கடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் காவல்துறை கண்டுகொள்வதில்லை, சில ஊர்களில் நிறுத்திவிடுகிறார்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் ஆண்டில் இந்தக் கெடுபிடி இன்னும் கூடும். தமிழ்நாட்டில் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருவதால் அது நேராகக் கூத்துப் பருவத்தின் மேலேயே வந்து விழுகிறது. அப்படிப்பட்ட ஆண்டில் ஆடி மாதத்துக்குத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. மாசி அமாவாசையை ஒட்டி மேல்மலையனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் மயானக் கொள்ளை பகல் விழாவானதால் இந்தச் சிக்கல் குறைவு. பம்பையும் உடுக்கையும் அங்காளம்மனை வர்ணித்துப் பாடுவதைக் கேட்க விரும்புகிறவர்கள், பெருங்கூட்டம் கூடும் மேல்மலையனூரைவிட அதே நாளில் விழா எடுக்கும் சிறிய ஊர்களைத் தேடிப் போகலாம்.

கொங்கு வட்டாரத்தை இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த ஒப்பீட்டில் சேர்த்திருக்க மாட்டேன். இன்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வள்ளி கும்மி பெற்றிருக்கும் எழுச்சி, எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. வேலை முடிந்து இரவில் கோயில் திடலில் கூடி மாதக்கணக்கில் பயின்று, ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் அரங்கேற்றம் காண்பதும், பெரிய நிகழ்ச்சிகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடுவதும் இப்போது சாதாரணமாகிவிட்டன. ஆண்களின் கலையாக இருந்ததைப் பெண்களுக்கும் கற்பித்த மூத்த கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இது கேட்பதற்குப் போகும் இடமா என்றால் என் விடை தயக்கமுடையது. ஆடுகிறவருக்கு அது பெரும் மகிழ்ச்சி. வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு ஆசிரியர் ஒருவரின் குரலும் ஒலிபெருக்கியும், சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும் வரிசைகளும்தான் கிடைக்கின்றன. ஒரு சாதியின் அடையாளத்தோடு இதை இறுகப் பிணைக்கும் போக்கும் எனக்கு உவப்பாக இல்லை. அந்த ஊரில் உறவினர் இருந்து, பயிற்சியில் ஒரு வாரம் கலந்துகொள்ள முடிந்தால் தாராளமாகப் போகலாம்.

கொங்கின் உண்மையான செல்வம் என்று நான் கருதுவது உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் வரலாறு என்று அறியப்படும் அந்தக் காப்பியத்தை மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஊரொன்றில் பல இரவுகள் தொடர்ந்து பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவுசெய்தார். இன்று அவ்வளவு நீளமாகப் பாடக் கேட்பது அரிது. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் வேடபரித் திருவிழாவின்போது அந்தக் கதையின் களத்திலேயே நின்று உடுக்கையைக் கேட்கலாம். அதற்கு ஒரு நாள் போதும், ஒரு வாரம் தேவைப்படாது. நீலகிரியின் பழங்குடியினரான கோத்தரின் இசையைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அது அவர்களுடைய தெய்வத்துக்கு அவர்கள் ஊருக்குள் நடப்பது. அவர்களில் ஒருவர் அழைக்காமல் போவதற்கு நான் யாருக்கும் வழி சொல்வதில்லை.

மதுரையைத் தனிக் களமாக வைக்காததற்குக் காரணம், அங்கே ஆண்டு முழுவதும் பலவகை இசை சிறிது சிறிதாக இருந்தாலும், ஒரு வாரத்தில் அடர்த்தியாகக் கிடைப்பது சித்திரைத் திருவிழாவின்போது மட்டுமே என்பதுதான். கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வரும் வழிநெடுகிலும் அழகர் வர்ணிப்புப் பாடுகிறவர்களை, அவர் தங்கும் மண்டபங்களின் ஓரங்களில் இரவு நேரத்தில் கேட்கலாம். ஆற்றில் இறங்கும் காலையில் எதுவும் கேட்காது.

இனிப் பறை. அச்சாரம் பெறும் டைரி என்ற என் அளவுகோல் பொய்த்துப்போகும் இடம் இதுதான். வில்லுப் புலவரையும் கூத்து வாத்தியாரையும் ஊர் தேடிவந்து அழைப்பது மரியாதையின் அடையாளம் என்றால், பறையடிப்பவரை ஊர் அழைத்த விதம் பல தலைமுறைகளாக அடிமை வேலைக்குக் கூப்பிட்ட விதமாகவே இருந்தது. இழவு வீட்டுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்டவர்களும் ஊர்விலக்கத்துக்கு ஆளானவர்களும் உண்டு. ஆகையால் "மண்ணின் இசையை மண்ணிலேயே கேட்க வேண்டும்" என்று கிராமத்துக்குப் போகச் சொல்லும் அறிவுரை, பறையைப் பொறுத்தவரை சிந்திக்காமல் சொல்லப்படுவது. பறைக்கு மேடைதான் விடுதலையைக் கொடுத்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு போன்ற பெண்கள் குழுக்கள் பறையைக் கையிலெடுத்ததும், மதுரைப் பக்கம் வேலு ஆசான் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பயிற்றுவித்து 2025-இல் பத்மஸ்ரீ பெற்றதும், 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் மார்கழியில் மக்களிசை என்ற விழாவைத் தொடங்கி, சபாக்களின் பருவத்திலேயே பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் அரங்கம் அமைத்ததும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. பறையை முழு வீச்சில் கேட்க வேண்டுமென்றால், வாசிப்பவர் தலைநிமிர்ந்து வாசிக்கும் அந்த மேடைகளுக்கே போக வேண்டும்.

சென்னைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டேன். மீதி வசதி பற்றியது. 2007-இல் தொடங்கப்பட்டு, இடையில் நின்றுபோய், 2023-இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம், பூங்காக்களிலும் திடல்களிலும் பல மாவட்டக் கலைஞர்களை இலவசமாகக் கேட்க வைக்கிறது. மூன்று மாலைகளில் தேவராட்டத்தின் உறுமியையும் நையாண்டி மேளத்தையும் மகுடத்தையும் கூத்தையும் ஒருசேரக் கேட்டு, எது தன்னை இழுக்கிறது என்று ஒருவர் முடிவுசெய்துகொள்ளலாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துப்போகலாம். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவில் வார இறுதிகளில் நடக்கும் நிகழ்ச்சிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆனால் இருபது நிமிடத்தில் முடியும் வில்லுப்பாட்டில் காப்பும் வாழ்த்தும் மட்டுமே மிஞ்சுகின்றன. விடியவிடிய நடக்கும் கூத்தை அரை மணிக்குச் சுருக்கும்போது ஜமாவின் மிக வேகமான அடவுகளையே தொடர்ந்து காட்ட நேர்கிறது. அதைப் பார்ப்பவர் கூத்து என்றாலே ஆர்ப்பாட்டம் என்று எண்ணிக்கொண்டு போகிறார். சென்னையில் சுவை பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு ஊருக்குப் போகிறவருக்கு இது நல்ல தொடக்கம்.

ஆக, முடிவு பெரும்பாலும் விடுப்பு எப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. தை மாதத்தில் வருகிறவருக்குச் சென்னை. மாசியில் ஓரிரு நாள் மட்டும் கிடைப்பவருக்கு மயானக் கொள்ளையோ வீரப்பூரோ. ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறவருக்கு நெல்லை. வெயில் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் விழா பெரும்பாலும் இரவில், பகலில் குற்றாலத்திலோ திருச்செந்தூரிலோ பொழுதுபோகும், பெண்களும் குழந்தைகளும் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் அவையானதால் தனியாக வரும் பெண்ணுக்கும் அங்கே உட்கார இடம் கிடைக்கும். தனியாக வந்து, இரவு விழிக்கத் தயங்காமல், ஒரு கதையை முழுவதும் கேட்டே தீர வேண்டும் என்கிறவருக்குச் செய்யாறு, வந்தவாசிப் பக்கம். இருவரில் யாருக்கு அதிகம் கிடைக்கும் என்றால் பின்னவருக்குத்தான். ஆனால் முதல்முறை வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் நெல்லையையே சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கலைஞர்கள் வீட்டில் இருப்பார்கள், அவர்களோடு பேசலாம், பாட்டுக் கேட்க முடியாது.

எங்கே போனாலும் இரண்டு நடைமுறைகளை அறிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் படமெடுக்குமுன் விழாக் குழுவில் ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும். சாமியாட்டத்தைப் படமெடுப்பதைப் பல ஊர்களில் விரும்புவதில்லை. பாட்டு பிடித்திருந்தால் அன்பளிப்புக் கொடுக்கலாம். தலைமைப் பாடகர் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லி வாழ்த்துவார். கூச்சப்பட்டு, பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தால் விடமாட்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடியை எடுப்பார்கள். அந்த விசாரிப்புக்குப் பதில் சொன்னவருக்கு, அடுத்த செவ்வாய்க்கிழமை எந்த ஊரில் வில் என்பதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.